மெதுவாக ஓடிய அச்சுப்பொறி: தரங்கம்பாடி, 1712 – 1728

வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. பத்துப் பக்கம் அச்சடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உடனே என்ன சொல்வார்கள்? "மெஷின் சரியில்லை, மாற்றிவிடலாம்" என்பார்கள். விவரம் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். தரத்தை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள், படம் எவ்வளவு பெரியது, காகிதம் ஈரமாக இருக்கிறதா, மை எப்படி, இணைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இருக்காது. அதைச் சுற்றி இருக்கும் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டில் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஒரே ஒரு அச்சுப்பொறிதான் இருந்தது. அதுவும் மெதுவாகத்தான் ஓடியது. கெட்டால் சரிசெய்ய ஆள் வேண்டுமானால் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதற்கே ஆறு முதல் எட்டு மாதம்! அந்த அச்சுப்பொறி இருந்த இடம் தரங்கம்பாடி.

அச்சுப்பொறியே இல்லாத பழவேற்காடு

தரங்கம்பாடிக்குப் போவதற்கு முன் அதே சோழமண்டலக் கரையில் வடக்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரை. பசியாவரம் போன்ற மீனவ ஊர்கள் உள்ள அந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில் டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் வணிகம் தொடங்கினார்கள். 1613ல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். துணி வணிகம் கொடிகட்டிப் பறந்தது.

கோட்டை, கிடங்கு, கணக்குப் பிள்ளை, துபாஷி என்று எல்லாம் இருந்த ஊரில் அச்சகம் மட்டும் இல்லை. அதன் விளைவு என்ன என்பதை ஒரு மனிதரின் கதை சொல்லும். ஆபிரகாம் ரொகேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1630களில் பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமய வழக்கங்களைப் பற்றி விரிவாக எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலில் இடம்பெற்றது இந்த நூலில்தான். ஆனால் அது அச்சானது 1651ல், ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில். ரொகேரியஸ் 1649லேயே இறந்துவிட்டார். தன் நூலை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். எழுத்தைக் கல்லில் வெட்ட முடிந்தது. தாளில் பல படிகள் எடுக்கத்தான் வழியில்லை.

தமிழுக்கு அச்சு புதிதா?

இல்லை. இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியதே தமிழ்தான். 1578ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானது. பதினாறே பக்கம். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தந்த நூல் அது. அவரே 1586ல் "அடியார் வரலாறு" என்ற பெரிய நூலையும் வெளியிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் தங்கள் கைப்பணத்தை அச்சு வேலைக்குக் கொடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழின் முதல் புத்தகங்களுக்கு மீனவர் பணமும் ஒரு காரணம்!

ஆனால் அந்த முயற்சி தொடரவில்லை. 1679ல் கேரளத்தின் அம்பலக்காட்டில் ஒரு தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி அச்சானது. பிறகு மீண்டும் மௌனம். எழுத்து வார்க்கும் கை, கோக்கும் கை, அழுத்தும் கை என்ற தொடர்ச்சி அறுந்துபோனது. 18ஆம் நூற்றாண்டு பிறந்தபோது தமிழ் மீண்டும் முழுக்க ஓலைக்கும் எழுத்தாணிக்கும் திரும்பியிருந்தது.

சீகன்பால்கு வந்தார்

1706 ஜூலை மாதம் பார்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். உடன் வந்தவர் ஹென்றி புளுட்சோ. இருவரும் ஜெர்மானியர்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய மிஷனரிகள். தரங்கம்பாடி 1620லிருந்து டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. சீகன்பால்குக்கு அப்போது வயது 23, முடிந்து 24 தொடங்கும் நேரம்.

கடற்கரை மணலில் பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துப் பழகினார் என்று சொல்வார்கள். வேகமாகத் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708லேயே அவற்றுக்கு ஒரு பட்டியலும் தயாரித்தார். அதே ஆண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி 1711ல் முடித்தார்.

மொழிபெயர்ப்பு முடிந்தது. படிகள் எடுப்பது எப்படி? சம்பளம் கொடுத்து எழுத்தர்களை வைத்து ஓலையில் எழுத வைத்தார். ஓலையில் எழுதுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் படிக்கு எவ்வளவு நேரமோ, நூறாவது படிக்கும் அதே நேரம். முதல் படிக்கு என்ன கூலியோ, நூறாவது படிக்கும் அதே கூலி. எத்தனை எழுதினாலும் ஒரு படியின் விலை குறையாது. அச்சில் அப்படி இல்லை. எழுத்துக் கோப்பது ஒரு முறைதான். அந்தச் செலவு எத்தனை படிகளுக்குப் பங்கிடப்படுகிறதோ அந்த அளவுக்கு ஒவ்வொரு படியும் மலிவாகும். பள்ளிக்கூடம் நடத்திய சீகன்பால்குக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரிந்தது. அச்சுப்பொறி வேண்டும் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார்.

முதல் தடை: பொறி வந்தது, ஆள் வரவில்லை

லண்டனில் 1698ல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் உதவிக்கு வந்தது. 1711ல் ஓர் அச்சுப்பொறி, ரோமன் எழுத்துகள், காகிதம், கூடவே யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சாளர் ஆகியவற்றைக் கப்பலேற்றியது. கப்பல் பிரேசிலில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அங்கிருந்து மீண்டு பயணம் தொடர்ந்தபோது ஃபிங்க் வழியிலேயே நோயில் இறந்துபோனார்.

1712ல் அச்சுப்பொறி மட்டும் வந்து சேர்ந்தது. இயக்கத் தெரிந்தவர் இல்லை! பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, ஓட்ட ஆள் இல்லை என்ற நிலை. தேடிப் பார்த்ததில் தரங்கம்பாடியில் கம்பெனிப் படையில் இருந்த சிப்பாய் ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்று தெரியவந்தது. அவரைக் கொண்டு போர்த்துக்கீசிய மொழியில் அச்சு தொடங்கியது. தமிழ் எழுத்துகள் இன்னும் வரவில்லை.

இரண்டாவது தடை: எழுத்து பெரிது

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உருவாயின. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய அநாதை இல்லத்தோடு சேர்ந்த அச்சகம் அது. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, தமிழ் பேசத் தெரியாத கைவினைஞர்கள் அவற்றை வெட்டி வார்த்தார்கள். 1713ல் யோஹான் கோட்லீப் ஆட்லர் என்பவர் அந்த எழுத்துகளோடு வந்து சேர்ந்தார். அவரோடு அவருடைய தம்பியும் இன்னொருவரும் வந்தார்கள். அதே ஆண்டு தமிழ் அச்சு தொடங்கியது.

தொடங்கியதும் கோளாறு தெரிந்தது. எழுத்துகள் மிகப் பெரியவை. பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. காகிதம் கரைகிறது.

எழுத்து பெரிதானால் வேலை ஏன் மெதுவாகும்? அந்தக் கால மர அச்சுப்பொறி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் புரியும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கமாக்கி, சில பக்கங்களைச் சேர்த்து ஒரு சட்டத்தில் இறுக்குவார்கள். அச்சகத்தில் இதைப் பாரம் என்பார்கள். ஒருவர் தோல் பந்துகளால் எழுத்தின் மேல் மை தட்டுவார். இன்னொருவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுத்து அழுத்துவார். பழகிய இருவர் சேர்ந்தால் மணிக்கு 200 முதல் 250 தாள்களின் ஒரு பக்கத்தை அடிக்கலாம். பிறகு தாளைக் கொடியில் உலர்த்தி, மறுபக்கம் அடிக்க வேண்டும். எழுத்துகள் அளவாகத்தான் இருக்கும் என்பதால் ஒரு பாரம் முடிந்ததும் கலைத்து, அதே எழுத்துகளால் அடுத்த பாரத்தைக் கோக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெரிய எழுத்தில் ஒரு நூல் 400 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் இருபுறமும் சேர்த்து 8 பக்கம் என்றால் ஒரு படிக்கு 50 தாள். 500 படிகளுக்கு 25,000 தாள், அதாவது 50 ரீம். இருபுறமும் அடிக்க 50,000 இழுப்பு. மணிக்கு 200 என்றால் 250 மணி நேரம்.

அதே நூலை அகலத்திலும் உயரத்திலும் பாதியான எழுத்தில் கோத்தால்? ஒரு பக்கத்தில் நான்கு மடங்கு எழுத்து பிடிக்கும். 400 பக்கம் 100 ஆகும். 50 ரீம் பன்னிரண்டரை ரீம் ஆகும். 250 மணி நேரம் 63 மணி நேரத்துக்குள் வரும். கோக்கும் நேரம் மட்டும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் எழுத்துகளின் எண்ணிக்கை அதேதான். தரங்கம்பாடியில் எழுத்து சரிபாதியாகக் குறைந்தது என்பதல்ல இதன் பொருள். எழுத்தின் அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இன்றைய பிரிண்டரிலும் இதே கணக்குதான். அங்குலத்துக்கு 600 புள்ளி என்பதை 1200 ஆக்கினால் புள்ளிகள் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகின்றன. "தரம் சிறப்பு" என்ற அமைப்பில் பிரிண்டர் ஊர்ந்து போவதன் காரணம் அதுவே.

நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714ல் பெரிய எழுத்திலேயே அச்சாயின. மீதியையும் அப்படியே அடிக்கக் காகிதம் போதாது. கப்பலுக்குக் காத்திருப்பதா? ஆட்லர் காத்திருக்கவில்லை. தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் எழுத்து வார்ப்புப் பட்டறை அமைந்தது. சிறிய தமிழ் எழுத்துகள் அங்கேயே வெட்டி வார்க்கப்பட்டன. ஈயம் போதாதபோது, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கிப் பயன்படுத்தினார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்வது இன்றைய வழக்கம் மட்டுமல்ல!

புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி சிறிய எழுத்தில் அச்சாகி, 1715ல் முழு நூலும் முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. சீகன்பால்கு அப்போது ஊரில் இல்லை. 1714 இறுதியில் ஐரோப்பா சென்றிருந்தார். முடித்து வைத்தவர் உடன் பணியாற்றிய யோஹான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர்.

மூன்றாவது தடை: காகிதமும் மையும்

எழுத்தைச் சிறிதாக்கியதும் வேகம் கூடியது. உடனே அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு சிக்கனமாக அடித்தாலும் காகிதம் கப்பலில்தானே வர வேண்டும்? கப்பல் தாமதமானால் பொறி சும்மா நிற்கும். ஆகவே பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள். கந்தல் துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக்கும் முறை. அச்சு மையையும் உள்ளூரிலேயே தயாரிக்க முயன்றார்கள். ஆளி விதை எண்ணெயைக் கெட்டியாகும்வரை காய்ச்சி அதில் விளக்குக் கரியைக் கலப்பது ஐரோப்பிய வழக்கம். ஓலைச்சுவடியில் எழுத்து தெரியக் கரி பூசும் ஊருக்குக் கரி புதிதல்ல. ஈய எழுத்தில் ஒட்டி நிற்கும் எண்ணெய் மைதான் புதிது.

காகித ஆலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. மீண்டும் ஐரோப்பியக் காகிதத்தையே நம்ப வேண்டியதாயிற்று. எல்லாத் தடையையும் வென்றார்கள் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. எழுத்தில் வென்றார்கள், காகிதத்தில் தோற்றார்கள். ஆனாலும் அச்சகம் நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கால அச்சுக்குத் தாள் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். முதல் நாளே நனைத்து அடுக்கி வைப்பார்கள். அப்போதுதான் மை நன்றாகப் பிடிக்கும். இன்றைய பிரிண்டருக்கு அதே ஈரம்தான் எதிரி. தரங்கம்பாடியோ பழவேற்காடோ, கடற்கரைக் காற்றில் திறந்து கிடக்கும் தாள் ஈரம் இழுத்துக்கொண்டு பொறியில் சிக்கும்.

நான்காவது தடை: காலம்

சரிசெய்ய முடியாத தடை ஒன்று இருந்தது. மனித ஆயுள்.

ஐரோப்பாவில் இருந்தபோது 1716ல் சீகன்பால்கு தமது தமிழ் இலக்கண நூலை ஹாலேயில் அச்சிட்டார். அதே ஆண்டு தரங்கம்பாடி திரும்பினார். பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணி ரூத்தின் புத்தகம் வரை வந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று அவர் இறந்தார். வயது 36. அடுத்த ஆண்டே கிரண்ட்லரும் போய்விட்டார். மிச்சத்தை முடித்தவர் 1719ல் வந்த பெஞ்சமின் ஷுல்ட்சே. 1723 முதல் 1728 வரை பகுதி பகுதியாகப் பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது.

1706லிருந்து 1728 வரை 22 ஆண்டுகள். இதில் கப்பலுக்காகக் காத்திருந்தது, ஆளுக்காகக் காத்திருந்தது, எழுத்துக்காகக் காத்திருந்தது என்று கழித்துப் பார்த்தால் கைப்பிடியை இழுத்த நேரம் கொஞ்சம்தான். மர அச்சுப்பொறி மெதுவானதுதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு மெதுவானவை அதைச் சுற்றியிருந்தவை. முப்பத்தாறு வயதில் முடிந்துபோகும் வாழ்க்கைக்கு அந்தத் தாமதம் வெறும் தொல்லை அல்ல, பேரிழப்பு. ரொகேரியஸ் தம் நூலைப் பார்க்கவே இல்லை. சீகன்பால்கு பாதியைப் பார்த்தார். இடையில் வந்த முன்னேற்றம் அவ்வளவு.

பிறகு என்ன ஆனது?

தரங்கம்பாடியில் கற்ற பாடம் சென்னைக்கும் உதவியது. 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சு அச்சுப்பொறி சென்னைக்கு வந்தது. ஆனால் இயக்க ஆள் இல்லை. 1712ன் அதே பிரச்சினை! தரங்கம்பாடி மரபில் வந்த ஃபெப்ரீசியஸ் என்ற மிஷனரி சென்னை வேப்பேரியில் இருந்தார். அரசாங்கத்தின் வேலை வந்தால் முதலில் அதை முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கேதான் 1779ல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது. பொறி இருந்த அரசிடம் ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்துக்குப் பொறி போனது. அவ்வளவுதான் கதை.

ஆக, பொறியைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்து: இயக்கும் ஆள், எழுத்தின் அளவு, காகிதம், மை, வந்து சேரும் வழி. தரங்கம்பாடிக்காரர்கள் ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்தது தலைகாட்டியது. அவர்கள் சலித்துப்போய்ப் புதுப் பொறி கேட்டு எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இரண்டு பொறிகள் சும்மா நின்றிருக்கும். எழுத்தைச் சிறிதாக்கியதால்தான் புத்தகம் முடிந்தது.